புகையிலைச் சாறும் அசுவினியும்: புதினாப் பாத்தியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புதினா பெரும்பாலும் பச்சையாகவே அரைத்து உண்ணப்படும் தழை. வெட்டிய தண்டிலிருந்து மீண்டும் மீண்டும் துளிர்ப்பதால் அதன் பாத்தியில் எந்நாளும் இளந்தளிர் இருக்கும். உழவர் அசுவினி என்றும் செடிப்பேன் என்றும் வழங்கும் சிறு பூச்சி நாடுவதும் அத்தளிரையே. அது கூட்டமாக அமர்ந்து சாறுறிஞ்ச, இலை சுருளுகிறது. அது கழிக்கும் இனிப்பு நீரின்மேல் கரும்பூசணம் படர்கிறது. இலையே விளைச்சலாக உள்ள பயிரில் நஞ்சு தெளிப்பதும் உணவின்மீது தெளிப்பதாகவே முடிகிறது. அசுவினிக்கு எதிராக மனிதர் கையாண்ட நஞ்சுகளுள் நெடுங்கால வழக்குடையது புகையிலை. அதன் வரலாறு மனிதரின் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே சொல்லப்படுவது வழக்கம். பூச்சியின் பக்கமிருந்து நோக்கினால் அவ்வரிசை நிலைப்பதில்லை.

ஆணின்றிப் பெருகும் உயிர்

1740ஆம் ஆண்டு, ஜெனீவாவைச் சேர்ந்த இளைஞர் சார்ல் போனே, பிரெஞ்சு அறிஞர் ரெயோமூரின் தூண்டுதலால், அப்போதுதான் பிறந்த அசுவினி ஒன்றைத் தனியே அடைத்து நாள்தோறும் கண்காணித்தார். ஆணைக் காணாமலேயே அது மூன்று வாரங்களில் 95 குட்டிகளை ஈன்றது. உயிரியல் வரலாற்றில் போற்றப்படும் இக்கண்டுபிடிப்பைப் பயிர்ப்பாதுகாப்பு வரலாறு போதிய அளவு கருதவில்லை. நஞ்சுக்குத் தப்பிய ஒரே ஒரு தாய், தன் இயல்பை மாற்றமின்றித் தன் வழிவந்த அனைத்துக்கும் அளித்துவிடும் என்பது இதன் உட்பொருள்.

சாறிலிருந்து சல்பேட்டுக்கு

புகையிலை ஊறிய நீரை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே அசுவினியின்மேல் தெளித்தனர். 1828இல் ஹைடெல்பெர்க்கில் போசெல்ட், ரைமான் ஆகிய இருவர் நிக்கோட்டினைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். பின்னர் அது 40 விழுக்காட்டு நிக்கோட்டின் சல்பேட்டுக் கரைசலாகக் கடைக்கு வந்தது. இந்தியாவில் பரவிய செய்முறை எளியது: 500 கிராம் புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் நீரில் ஒரு நாள் ஊறவைத்து அல்லது அரைமணி நேரம் காய்ச்சி, 120 கிராம் பார் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, ஆறேழு மடங்கு நீர் கலந்து தெளிப்பது. சோப்பு இதில் வெறும் துணைப்பொருள் அன்று. அதன் காரத்தன்மை, புகையிலையில் அமிலத்தோடு பிணைந்திருக்கும் நிக்கோட்டினை விடுவிக்கிறது. மெழுகுப் பூச்சுடைய பூச்சியுடலில் கரைசல் ஒட்டவும் உதவுகிறது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் பாரத்தியான் போன்ற கரிமப் பாசுபரச நஞ்சுகள் நிக்கோட்டினை ஒதுக்கின. 400க்கும் மேற்பட்ட செடியினங்களில் வாழும் பச்சைப் பீச் அசுவினி அவற்றையும் தாங்கப் பழகியது. நஞ்சைப் பிடித்துச் சிதைக்கும் நொதியின் மரபணு அதன் உடலில் பலபடிகளாகப் பெருகியிருப்பதை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

அடுத்து வந்தது இமிடாகுளோபிரிட். 1991இல் விற்பனைக்கு வந்த இது, பூச்சியின் நரம்பில் நிக்கோட்டின் பற்றும் அதே ஏற்பியைப் பற்றுகிறது. ‘புதிய நிக்கோட்டின் போன்றவை’ என்னும் பொருள்பட நியோநிக்கோட்டினாய்டு என இவ்வகை பெயர்பெற்றது. பெயரிலேயே பழமை இருந்தது.

புகையிலையில் வாழும் அசுவினி

வேதியியலார் கருதத் தவறியது ஒன்றுண்டு. பீச் அசுவினியின் ஒரு கிளை புகையிலைச் செடியிலேயே குடியேறி, அதன் சாற்றையே உணவாகக் கொண்டிருந்தது. அக்கிளையில் சிஒய்பி6சிஒய்3 என்னும் மரபணு பன்மடங்காகப் பெருகி, நிக்கோட்டினைச் சிதைக்கும் நொதியை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. அதே நொதி நியோநிக்கோட்டினாய்டுகளையும் சிதைக்க வல்லது என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, நஞ்சு ஆய்வுக்கூடத்தில் உருவாகுமுன்னரே அதற்கான மாற்று வயலில் அணியமாயிருந்தது. தென் ஐரோப்பியப் பீச் தோட்டங்களிலோ ஏற்பியே மாறிவிட்ட அசுவினிகள் கண்டறியப்பட்டன. எதிர்ப்பாற்றலைத் தெளிப்பவரின் அளவுப்பிழையாக மட்டும் விளக்கும் போக்கு இவ்விடத்தில் தளர்கிறது.

இருவகைச் சட்டம்

1992இல் இந்திய அரசு நிக்கோட்டின் சல்பேட்டை நாட்டினுள் பயன்படுத்தத் தடைவிதித்து, ஏற்றுமதிக்கான உற்பத்தியை மட்டும் அனுமதித்தது. புகையிலைக் கரைசலோ ‘இயற்கை’ என்னும் பெயரில் பரிந்துரைகளில் தொடர்ந்தது. இரண்டின் செயற்பொருளும் ஒன்றே. நிக்கோட்டின் தோலின் வழியாகவும் உடலுட் புகும். புதினா கொய்பவரோ வெறுங்கையால் கொய்கிறார். ‘இயற்கை’ என்னும் சொல் இங்கு மறைப்பது அவரைத்தான்.

போனேயைத் தூண்டிய ரெயோமூர், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளைச் செடிவீடுகளில் இட்டு அசுவினியைக் குறைக்கலாம் என 1730களிலேயே எழுதியிருந்தார். அப்பூச்சியின் புழு அசுவினியைக் குத்திச் சாறுறிஞ்சி வாழ்வது. இன்று அது இந்திய ஆய்வுக்கூடங்களில் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. ஆயினும் புகையிலைக் கரைசல் தெளித்த பாத்தியில் அப்புழுவும் பொறிவண்டும் அசுவினியோடு சேர்ந்தே மடிகின்றன. பின்னர் அங்கு முதலில் திரும்பிப் பெருகுவது, ஆணின்றிப் பெருகும் அசுவினியே.