எதற்கும் அசையாத வெண்பொடி

வேதிப்பொருள்களின் வரலாற்றைப் பேசுவோர் அவற்றை அடைத்து வைத்த கலன்களின் வரலாற்றைப் பெரும்பாலும் பேசுவதில்லை. கந்தக அமிலத்தைக் கண்ணாடி தாங்கும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ கண்ணாடியையே அரித்துவிடும். இயற்கை ரப்பர் நீரைத் தடுக்கும். பெட்ரோலியம் பட்டால் ஊதிப் பருத்து வலுவிழக்கும். ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்கும் பொருள் ஒன்று மனிதர் கைக்குக் கிடைத்த கதையை இங்கு நாம் காண்போம்.

1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்னும் 27 வயது வேதியியலாளர் குளிர்பதனப் பெட்டிகளுக்கான புதிய வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் உதவியாளர் ஜாக் ரெபோக்கும் டெட்ராஃப்ளூரோஎத்திலீன் நிரப்பிய உருளை ஒன்றைத் திறந்தனர். வாயு வரவில்லை, ஆனால் எடையும் குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழவழப்பான வெண்பொடி இருந்தது. வாயுவின் மூலக்கூறுகள் தாமே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நெடுஞ்சங்கிலிகளாகியிருந்தன. அமிலங்களும் கரைப்பான்களும் அதை ஒன்றும் செய்யவில்லை. அதுவே பின்னாளில் டெஃப்ளான் என்று பெயர்பெற்றது.

இவ்வுறுதியின் காரணம் எளியது. கார்பன் சங்கிலியைச் சுற்றி ஃப்ளூரின் அணுக்கள் கவசம்போல் நெருங்கி நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான பிணைப்பு, கரிம வேதியியல் அறிந்த ஒற்றைப் பிணைப்புகளுள் மிக வலியது. உருகிய சோடியம் போன்ற மிகச் சிலவே அதைக் குலைக்க வல்லவை.

உற்பத்திச் செலவு மிகுதியாதலால் இப்பொடி வெறும் விந்தையாகவே முடிந்திருக்கக்கூடும். போர் அதன் விதியை மாற்றியது. அணுகுண்டுத் திட்டத்தில், யுரேனியம் 235ஐப் பிரித்தெடுக்க யுரேனியம் ஹெக்சாஃப்ளூரைடு வாயுவைக் கையாள வேண்டியிருந்தது. அவ்வாயு எண்ணெய்ப் பசைகளையும் சாதாரண ரப்பரையும் தின்றுவிடும். அதனைத் தாங்கும் கேஸ்கெட்டுகளுக்கும் வால்வுகளுக்கும் டெஃப்ளான் பயன்பட்டது. அதன் முதற்பணி சமையலறையில் அன்று, போர்க்கால இரகசியத்தில் தொடங்கிற்று என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. இடைவிடாது அழுத்தினால் மெல்ல நெகிழ்ந்து பரவும். ரப்பர்போல் பழைய வடிவுக்கு மீளாது. இக்குறையை நிரப்ப, ஃப்ளூரின் சேர்ந்த ரப்பரான வைட்டான் 1957இல் சந்தைக்கு வந்தது. சூடான எண்ணெயையும் எரிபொருளையும் அது தாங்கும். ஆனால் அசிட்டோனில் ஊறினால் ஊதிப்போகும். எல்லாச் சூழலுக்கும் ஏற்ற ரப்பர் என ஒன்று இல்லை.

இனி விலையைப் பார்ப்போம். மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே, ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த டெஃப்ளான் ஆலையில், 1951 முதல் சி8 எனப்படும் துணைப்பொருள் பயன்படுத்தப்பட்டது. அதுவும் ஃப்ளூரின் கவசம் பூண்டதே. ஆனால் டெஃப்ளானைப் போலன்றி நீரில் கரைந்து செல்வது. அது சுற்றுவட்டாரக் குடிநீரிலும், அதனைப் பருகியோரின் குருதியிலும் கலந்தது. மக்கள் 2001இல் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கின் சமரசத்தால் அமைந்த அறிவியலாளர் குழு, ஏறத்தாழ 69,000 பேரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களுக்கும் சி8க்கும் தொடர்பிருக்க வாய்ப்புண்டு என 2012இல் அறிவித்து முடித்தது. 2017இல் 67.1 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை சி8ஐத் தடைப்பட்டியலில் சேர்த்தது.

அமிலம் அழிக்காத பொருளை நாம் விரும்பித் தேடினோம். அதே பிணைப்பின் வலிமையால் மண்ணும் வெயிலும் நுண்ணுயிரும்கூட சி8ஐ அழிக்க இயலாமல் நிற்கின்றன. கேஸ்கெட் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைப் பொறியாளர் அட்டவணைகள் சொல்லும். அதைச் செய்யும்போது ஆலைக்கு வெளியே எது சென்றது, அது எத்தனை ஆண்டு தங்கும் என்பதையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் நமக்கு இனியேனும் வரவேண்டும்.