ஏழு மாணவர்கள், ஒரு கோடை விடுமுறை

1968-ஆம் ஆண்டுக் கோடையில் ஏழு மாணவர்கள் வாஷிங்டனில் உள்ள மத்திய வர்த்தக ஆணையத்தின் படியேறினார்கள். பெரும்பாலோர் சட்டம் படித்தவர்கள். அவர்களைத் திரட்டியவர் நுகர்வோருக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர். நேர்மையற்ற வணிகத்தைத் தடுக்க 1914-இல் உருவான அந்த ஆணையம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

கோப்புகளைக் கேட்டார்கள். அறை அறையாகப் போய் அதிகாரிகளிடம் பேசினார்கள். ஓர் அதிகாரி நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை முகத்தில் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார்; அதையும் குறித்துக்கொண்டார்கள். வேண்டியவர்களுக்கே வேலை, பெரிய நிறுவனங்களிடம் தயக்கம், ஆண்டுக்கணக்கில் இழுபடும் விசாரணை என 1969 ஜனவரியில் வந்த அறிக்கை அடுக்கியது. ஆணையத் தலைவர் பால் ராண்ட் டிக்சன் கொதித்துப்போனார்.

படிக்கிற பிள்ளைகள் எழுதியதுதானே என்று அதை ஒதுக்கிவிட முடியவில்லை. அதிபர் நிக்சன் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தனிக் குழு அமைத்து ஆராய்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்தக் குழுவும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்தது: ஆணையம் திருந்த வேண்டும், இல்லாவிட்டால் இருந்து பயனில்லை. குழுத் தலைவர் மைல்ஸ் கிர்க்பேட்ரிக் 1970-இல் ஆணையத்துக்கே தலைவரானார்.

முதலில் வந்த இந்த ஏழு மாணவர்களில் சிலர் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் முன்னாள் அதிபர் டாஃப்டின் கொள்ளுப்பேரன். இன்னொருவரான எட்வர்ட் காக்ஸ் 1971-இல் நிக்சனின் மகளை மணந்தார். சில கதவுகள் திறந்ததற்குக் குடும்பப் பின்னணியும் காரணமாக இருந்திருக்கும்.

அப்படியிருந்தும் பல கதவுகள் திறக்கவில்லை. 1969 கோடையில் நேடரிடம் ஏறத்தாழ நூறு மாணவர்கள் வந்து உணவுப் பாதுகாப்பு, காற்று மாசு, ரயில் கட்டணம் என்று பிரிந்து வேலை செய்தார்கள். தகவல் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் தரச் சொன்ன ஆவணங்களைத் தராமல் இருக்க அலுவலகங்கள் ஏதேதோ காரணம் சொல்லின. மாணவர்களின் அந்த அனுபவங்களை வைத்து நேடர் 1970-இல் எழுதிய கட்டுரை, அச்சட்டத்தின் ஓட்டைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1974-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வலுவாக்கியது.

ஆரெகன், மினசோட்டா மாணவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1971-இல் தாங்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பொதுநல ஆய்வுக் குழுக்களைத் தொடங்கினார்கள்.

இன்று ஜனநாயகத்தின் எதிர்காலத்தை ஆராய மாணவர்களுக்கு உதவித்தொகை தருபவர்களும் இதைக் கவனிக்கலாம்: அவர்களிடம் கட்டுரை கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மாதம் அவர்களை அங்கே அனுப்பி, கோப்புகளைக் கேட்கச் சொல்லுங்கள்.