நான்கு கோடுகளும் மூன்று எழுத்துகளும்: பார்சிலோனா கால்பந்துக் கழகச் சின்னத்தின் வரலாறு

முன்னுரை

பார்சிலோனா அணியின் சின்னத்தைப் பார்த்திராத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. அதன் பகுதிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. மேலே இடப்பக்கம் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை. வலப்பக்கம் மஞ்சள் பின்னணியில் நான்கு சிவப்புக் கோடுகள். நடுவில் குறுக்குப் பட்டை. அதில் எஃப், சி, பி என மூன்று எழுத்துகள். அதற்குக் கீழே நீலமும் கருஞ்சிவப்புமாக மாறிமாறி வரும் பட்டைகள், அவற்றின் மீது ஒரு பந்து.

ஒரு விளையாட்டுக் கழகத்தின் சின்னத்தில் விளையாட்டைக் குறிப்பது பந்து மட்டுமே. அந்தப் பந்து எந்த அரசையும் உறுத்தியதில்லை. உறுத்தியவை கோடுகளின் எண்ணிக்கையும் எழுத்துகளின் வரிசையும். அவை எப்போது, யாரால், எதற்காக மாற்றப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த வழியில் சின்னத்தின் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கும் விடை தேடுகிறது.

நகரத்தின் இலச்சினை

சுவிட்சர்லாந்திலிருந்து வந்து பார்சிலோனாவில் தங்கியிருந்த ஹான்ஸ் காம்பர், கால்பந்து ஆட ஆள் தேடி 1899 அக்டோபர் 22 அன்று 'லோஸ் டெப்போர்தெஸ்' இதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று சோலே உடற்பயிற்சிக் கூடத்தில் கழகம் பிறந்தது. தொடங்கியவர்களில் சுவிஸ், ஆங்கிலேயர், கத்தலானியர் எனப் பலரும் இருந்தனர். கழகத்தின் பெயரில் உள்ள 'ஃபுட்பால் கிளப்' என்ற ஆங்கிலச் சொற்கள் அந்தச் சூழலில் இயல்பாக வந்தவை.

தொடக்கத்தில் கழகத்துக்கென்று தனிச் சின்னம் கிடையாது. நகரத்தின் இலச்சினையையே எடுத்துக்கொண்டார்கள். சாய்சதுரக் கேடயம், அதன் மேல் மகுடம், மகுடத்தின் மேல் சிறகு விரித்த வௌவால், இருபுறமும் இலைக்கிளைகள் என அமைந்தது அது. ஊர்விட்டு ஊர் வந்தவர்களும் சேர்ந்து தொடங்கிய கழகம், தன்னை இந்த நகரத்தோடு சேர்த்து அடையாளம் காட்ட விரும்பியதற்கு இதுவே முதல் சான்று.

நீலம், கருஞ்சிவப்பு நிறங்களுக்குப் பல மூலங்கள் சொல்லப்படுகின்றன. காம்பர் முன்பு ஆடிய பாசெல் கழகத்தின் நிறங்கள் என்பது ஒன்று. தொடக்ககால வீரர்களான விட்டி சகோதரர்கள் படித்த இங்கிலாந்துப் பள்ளியின் நிறங்கள் என்பது மற்றொன்று. எதற்கும் முடிவான ஆதாரம் கிடைத்ததில்லை. ஆனால் இந்த நிறங்கள் ஊரின் பழைய கொடியிலிருந்து வந்தவை அல்ல. சின்னத்தின் மேற்பாதி ஊருடையது, கீழ்ப்பாதி கழகத்துடையது என்ற பிரிவு இதனால்தான் பொருள் பெறுகிறது.

1910: பானை வடிவம்

1908இல் கழகம் கலைந்துபோகும் நிலைக்கு வந்தது. உறுப்பினர்கள் 38 பேர் மட்டுமே மிஞ்சினர். காம்பர் தலைமைப் பொறுப்பை ஏற்று அதைக் காப்பாற்றினார். மீண்டு எழுந்த கழகம் இனி இரவல் இலச்சினையில் நிற்க விரும்பவில்லை. 1910இல் புதிய சின்னத்துக்குப் போட்டி அறிவித்தது. வென்றவர் கார்லெஸ் கொமமாலா. கழகத்தின் வீரர், மருத்துவ மாணவர், ஓவியம் வரையத் தெரிந்தவர்.

அவர் வரைந்த உருவம் வாய் அகன்று, இடை சற்றுக் குறுகி, அடி கூம்பிய பானையைப் போன்றது. கத்தலான் மொழியில் அதை 'ஒல்லா' என்றே சொல்கிறார்கள். பானை என்பதுதான் அதன் பொருள். மகுடமும் வௌவாலும் போயின. நகர இலச்சினையிலிருந்து இரண்டை மட்டும் கொமமாலா விடவில்லை. ஒன்று, பார்சிலோனா அமைந்துள்ள கத்தலோனியாப் பகுதியின் காவல் புனிதரான ஜார்ஜின் சிலுவை. மற்றொன்று, 'செனியேரா' எனப்படும் நான்கு கோட்டுக் கத்தலோனியக் கொடி.

இந்த நான்கு கோடுகளுக்கு ஒரு கதை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுப் பிரபுவான வில்ஃபிரெட் போரில் காயமுற்றபோது, அரசர் அவருடைய குருதியில் விரல்களைத் தோய்த்து, பொன்னிறக் கேடயத்தில் நான்கு கோடுகள் இழுத்தார் என்பது அது. இக்கதை எழுத்தில் தென்படுவது 16ஆம் நூற்றாண்டில்தான். கேடயச் சின்னங்கள் வழக்குக்கு வந்ததே 12ஆம் நூற்றாண்டில் என்பதால் இதை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தன் கொடியில் குருதியைக் காண விரும்பியது என்பது வரலாறு. பிற்கால ஆட்சியாளர்கள் அஞ்சியதும் அந்த விருப்பத்தைத்தான்.

1941: அரசு திருத்திய சின்னம்

மோதலுக்கான அறிகுறி முன்பே தென்பட்டது. பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரக் காலத்தில், 1925 ஜூன் 14 அன்று கழகத்தின் லெஸ் கோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்பெயின் நாட்டுப்பண் இசைத்தபோது கூட்டம் சீழ்க்கையடித்தது. மைதானம் மூடப்பட்டது, காம்பர் பதவி விலக நேர்ந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கியதும், 1936 ஆகஸ்டில், கழகத் தலைவர் ஜோசப் சுன்யோலைக் குவாதர்ராமா மலைப்பகுதியில் குடியரசை எதிர்த்த தளபதி ஃபிராங்கோவின் படையினர் சுட்டுக்கொன்றனர். 1939 ஜனவரியில் நகரமும் ஃபிராங்கோவிடம் வீழ்ந்தது.

அதன்பின் திருத்தங்கள் வந்தன. அயல்மொழிப் பெயர்கள் கூடாது என்ற ஆணையின்படி 1941இல் 'ஃபுட்பால் கிளப் பார்சிலோனா' என்பது 'கிளப் தெ ஃபுட்போல் பார்சிலோனா' ஆனது. சின்னத்தில் எஃப்-சி-பி என்பது சி-எஃப்-பி என மாறியது. நான்கு சிவப்புக் கோடுகள் இரண்டாகக் குறைந்தன. மஞ்சளில் இரண்டு சிவப்பு என்றால் கண்ணுக்கு ஸ்பெயின் கொடியின் சாயல் வந்துவிடும். சின்னத்தை ஒழிக்காமல் அதன் இலக்கணத்தை மட்டும் மாற்றினார்கள்.

இது பார்சிலோனாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பில்பாவோவின் 'அத்லெட்டிக்' கழகம் 'அத்லெட்டிகோ' ஆக்கப்பட்டது. ரியல் மாட்ரிட்டின் சின்னத்தில் மகுடம் 1920இல் வந்தது, 1931இல் குடியரசு அமைந்ததும் போனது, 1941இல் திரும்பியது. ஸ்பெயினில் ஆட்சி மாறியதைச் சட்டைச் சின்னத்திலேயே படித்துவிடலாம்.

மீட்சி இரு தவணைகளில் நடந்தது. கழகத்தின் பொன்விழா ஆண்டான 1949இல் நான்கு கோடுகள் திரும்பின. கத்தலான் அடையாளங்கள் ஒடுக்கப்பட்டிருந்த அந்நாட்களில் ஆட்டக்காரரின் நெஞ்சில் அவை தெரிந்தது சிறிய செய்தி அன்று. எழுத்துகளுக்கு இன்னும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1973இல் பழைய பெயர் மீண்டது. அடுத்த ஆண்டு சின்னத்திலும் எஃப்-சி-பி வரிசை அமர்ந்தது. சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தது அதற்கும் பிறகு, 1975 நவம்பரில்தான்.

2018: சந்தை கேட்ட திருத்தம்

2002இல் வடிவமைப்பாளர் கிளாரெட் செர்ராஹிமா கோடுகளைச் சீராக்கி, எழுத்துகளுக்கிடையே இருந்த புள்ளிகளை நீக்கினார். உருவம் தெளிந்தது, பொருள் மாறவில்லை. 2018 செப்டம்பரில் கழக நிர்வாகம் முன்வைத்த புதிய வரைவு அப்படிப்பட்டதன்று. திறன்பேசித் திரையிலும் விற்பனைப் பொருட்களிலும் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று பட்டைகளைக் குறைத்து, மூன்று எழுத்துகளையும் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

பார்சிலோனா ஒரு முதலாளிக்குச் சொந்தமான நிறுவனம் அல்ல. ஏறத்தாழ 1,40,000 உறுப்பினர்களுக்குச் சொந்தமானது. எதிர்ப்பு கிளம்பியது. அக்டோபர் 20 அன்று நடந்த உறுப்பினர் பேரவையில் வாக்கெடுப்புக்கு விடாமலே நிர்வாகம் வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

முடிவுரை

1910இல் சின்னத்தை வரைந்தவர் கழகத்தின் ஆட்டக்காரர். 1941இல் திருத்தியது அரசு. 2018இல் திருத்த முயன்றது சந்தைக் கணக்கு, தடுத்தவர்கள் உறுப்பினர்கள். அரசின் திருத்தத்தைக் களைய 33 ஆண்டுகள் ஆயின. சந்தையின் திருத்தம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் ஒன்றே: பின்னதில் உறுப்பினர்களுக்கு வாக்கு இருந்தது. செர்ராஹிமா 2002இல் சீராக்கிய வடிவமே, நான்கு கோடுகளோடும் மூன்று எழுத்துகளோடும், இன்றும் சட்டையில் இருக்கிறது.