கூரையும் விதியும்: திருகோணமலைக் கரையின் இருநூறு மீற்றர்

2005 ஆம் ஆண்டின் முற்பாதியில் திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் மக்கள் வாயில் அதிகம் அடிபட்ட சொல் ‘இருநூறு மீற்றர்’ என்பதே. கடலிலிருந்து அந்தத் தூரத்துக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்பது அரசின் அறிவிப்பு. மேற்கிலும் தெற்கிலும் நூறு மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர். அந்த மாதங்களில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று செய்திக்காக அலைந்தபோது என் காதில் விழுந்த முறைப்பாடுகளிற் பெரும்பாலானவை உணவைப் பற்றியவை அல்ல, கூரையைப் பற்றியவை. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அலையைப் பற்றிப் பேசுகிறோம். அலைக்குப் பின்னால் வந்த விதிகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் அந்தக் கதையை ஒழுங்காக எழுதி வைப்பது தேவை என்று கருதுகிறேன்.

2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வீடிழந்தனர். ஏறக்குறைய ஒரு இலட்சம் வீடுகள் முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்தன. திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் ஆயிரத்துக்கும் மேல். கிண்ணியாவும் மூதூரும் பெருந்துயரைக் கண்டன. கிண்ணியா வைத்தியசாலையே அலைக்கு இரையாயிற்று. காயப்பட்டவர்களை எடுத்துச் செல்வதற்கு அன்று கிண்ணியாவையும் நகரையும் இணைக்கும் பாலமும் இல்லை. அது 2009 இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை படகுப் பாதையையே மக்கள் நம்பியிருந்தனர்.

கடலோரத்தில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்த நாட்டுக்குப் புதியதன்று. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயம் என்று வரையறுத்தது. 1997 ஆம் ஆண்டின் கரையோர வலய முகாமைத்துவத் திட்டம் எந்தக் கரையில் எவ்வளவு தூரம் விட்டுக் கட்ட வேண்டும் என்பதை இடத்துக்கு இடம் வேறுபடுத்திச் சொன்னது. மண் அரிப்பு, கரையின் வடிவம், குடியிருப்பின் நெருக்கம் ஆகியவற்றைப் பார்த்து வகுக்கப்பட்ட தூரங்கள் அவை. அவை பல இடங்களில் மீறப்பட்டன என்பது வேறு கதை. ஆனால் அளவுகோல் ஒன்று ஏற்கனவே இருந்தது. அலை வந்து சில வாரங்களுக்குள் அதனைப் புறந்தள்ளிவிட்டு, நாட்டைக் கட்டியெழுப்புவதற்கென 2005 ஜனவரியில் அமைக்கப்பட்ட செயலணியின் வாயிலாக நூறு, இருநூறு என்ற இரண்டு முழு எண்கள் வந்து சேர்ந்தன.

வடக்குக் கிழக்கில் மட்டும் தூரம் ஏன் இரட்டிப்பானது? இந்தக் கேள்வியைக் கேட்காத மீனவர் இல்லை. இதற்குத் திருப்தியான விளக்கம் எதுவும் கிராமங்களுக்கு வந்து சேரவில்லை. அலை எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதைக் கடலடித் தரையின் சரிவும், விரிகுடாவின் அமைப்பும், மணல்மேடுகளும் தீர்மானிக்கின்றன. ஓரிடத்தில் அரைக் கிலோமீற்றர் பாயும் நீர் மேடான இன்னோரிடத்தில் ஐம்பது மீற்றரில் நின்றுவிடும். நிலத்தின் உயரத்தைக் கணக்கில் எடுக்காத தூரம் பாதுகாப்பைக் குறிக்காது. அது வெறும் கோடு மட்டுமே.

கோட்டுக்கு அப்பால் போகச் சொன்னவர்கள், போவதற்கு எங்கே நிலம் இருக்கிறது என்று பார்த்தார்களா? கிண்ணியா தம்பலகாமம் குடாவுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் இடையே நெருங்கி அமைந்த ஊர். எல்லாப் பக்கமும் நீரிலிருந்து இருநூறு மீற்றரை அளந்து கழித்தால் குடியிருக்க மிஞ்சும் நிலம் சொற்பம். உட்பகுதியில் வயல், காடு, படைமுகாம். திருகோணமலையில் நிலம் வெறும் நிலமாக இருந்ததில்லை என்பதையும் வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்களின் காலத்திலிருந்து ஒவ்வொரு காணித் துண்டும் எந்த இனத்தின் எண்ணிக்கையைக் கூட்டும், எதனைக் குறைக்கும் என்ற கணக்கோடுதான் பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. ஒரு தமிழ் மீனவக் கிராமத்தையோ முஸ்லிம் கிராமத்தையோ மூன்று கிலோமீற்றர் உள்ளே நகர்த்துவது நிருவாகச் செயலாக மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

தொழிலும் கரையோடு பிணைந்தது. கரைவலை இழுப்பவர்களுக்கு வாடி கரையிலேயே இருக்க வேண்டும். மீன் கூட்டத்தின் நிறத்தை நீரிற் கண்டு வள்ளத்தை இறக்குவதற்குக் கண் எப்போதும் கடலில் இருக்க வேண்டும். வலையையும் வெளியிணைப்பு இயந்திரத்தையும் இரவில் காவல் காக்க ஆள் வேண்டும். கருவாடு காயவைக்கும் பெண்கள் வீட்டு வேலைக்கும் கரைக்கும் நடுவே நாளொன்றுக்குப் பத்துத் தடவை நடப்பவர்கள். வீட்டை உள்ளே கொண்டுபோனால் அவர்களின் வருமானம் முதலிற் போய்விடும்.

கூரையின் கதைக்கு வருகிறேன். முதலில் கூடாரங்கள்; பிறகு இடைத்தங்கல் கொட்டில்கள். ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது 200 சதுர அடி என்பது விதி. ஆளொன்றுக்கு 3.5 சதுர மீற்றர் என்ற சர்வதேச மனிதாபிமான நியமத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகும், ஐந்து பேர் கொண்ட குடும்பமாக இருந்தால். எட்டுப் பேர் இருந்தால் ஒத்துப்போகாது. நாடு முழுவதும் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய கொட்டில்கள் எழுந்தன. பலவற்றுக்குத் தகரக் கூரை. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையின் வெயிலை அறிந்தவர்களுக்குத் தகரக் கூரையின் கீழ் நண்பகலைக் கழிப்பது எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை. கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள். கிடுகு தீப்பற்றும் என்பது அதிகாரிகளின் பதில். அந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பகல் முழுதும் பிள்ளைகள் மரநிழலிலும், கிழவர்கள் வீதியோரத்திலும் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். பல கொட்டில்களில் சமையலுக்கு இடமே திட்டமிடப்படவில்லை. அடுப்பை உள்ளே வைத்தாற் புகை, வெளியே வைத்தாற் காற்று. வாடைக்காற்றோடு மழை தொடங்கியபோது அடுத்த துன்பம் வந்தது.

இன்றைய இளைஞர்கள் கணினியில் ஆடும் உயிர்பிழைப்பு விளையாட்டுகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லலாம். மைன்கிராப்ட் என்ற விளையாட்டில் இருள் சூழுமுன் நான்கு சுவரும் கூரையும் அமைத்துக்கொள்ளாதவன் இரவில் அரக்கர்களிடம் அகப்படுவான். 2021 இல் வந்த வால்ஹைம் இன்னும் கடுமையானது. நிலத்தில் ஊன்றிய தூணிலிருந்து விலக விலக மரத்தின் தாங்குதிறன் குறையும், எல்லை மீறினால் உடைந்து விழும். வேலை மேசை அருகில் இல்லாவிட்டால் எதையும் கட்ட முடியாது. உள்ளே தீ மூட்டினால் புகை போக வழி விட வேண்டும், இல்லையேல் மூச்சு முட்டும். இந்த விதிகள் எரிச்சலூட்டுகின்றன என்று ஆடுபவர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கோ அந்த விதிகள் பொறாமையைத்தான் தருகின்றன. அவை எல்லோருக்கும் ஒன்றே. ஏன் விழுந்தது என்பது விழுந்த கணத்திலேயே தெரிந்துவிடும். திருகோணமலைக் கரையில் கூரை கேட்டு நின்றவனுக்கு இந்த இரண்டும் வாய்க்கவில்லை.

நிரந்தர வீட்டுக்கான விதிகளைப் பாருங்கள். சேதம் நாற்பது வீதத்துக்கு மேற்பட்டால் வீடு முழுச் சேதம். உதவி இரண்டரை இலட்சம் ரூபா, நான்கு தவணைகளில். அதற்குக் குறைந்தால் பகுதிச் சேதம். உதவி ஒரு இலட்சம். முப்பத்தெட்டு வீதத்துக்கும் நாற்பத்திரண்டு வீதத்துக்கும் இடையே ஒன்றரை இலட்சம் ரூபா வேறுபாடு. அதனைத் தீர்மானிப்பது மதிப்பிட வந்தவரின் கண். வீடு குறைந்தது 500 சதுர அடி இருக்க வேண்டும். ஒரு படி வேலை முடிந்ததாகச் சான்று கிடைத்தாலே அடுத்த தவணை. நாடெங்கும் ஒரே வேளையில் வீடு கட்டத் தொடங்கியதால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் ஏறின. இரண்டரை இலட்சம் மட்டும் ஏறாமல் நின்றது.

இந்த உதவி வலயத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு. அதனைப் பெறக் காணி தமக்குரியது என்று காட்ட வேண்டும். உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் கடல் கொண்டுபோயிருந்தது. பலருக்கு அவை முன்பும் இருந்ததில்லை. பாட்டன் காலத்திலிருந்து அரச காணியில் குடியிருந்தவர்கள் அவர்கள். வலயத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்கு ‘வீட்டுக்கு வீடு’ என்பது கொள்கை. உரிமைப் பத்திரம் கேட்கப்படவில்லை. ஆனால் அந்த வீடு எங்கே, எப்போது, யாரால் கட்டப்படும் என்பதில் அவர்களுக்குச் சொல் இல்லை. ஒரே கூரையின் கீழ் மணமான மூன்று மக்களோடு வாழ்ந்த குடும்பத்துக்கும் ஒரு வீடுதான்.

சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதிகம் சேதமடையாத விடுதிகள் இருந்த இடத்திலேயே திருத்தப்படலாம் என்றார்கள். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் இதன் பொருளை மக்கள் உடனே புரிந்துகொண்டனர். அலைக்கு அஞ்சி மீனவன் விலக வேண்டிய அதே மணலில் வெளிநாட்டுப் பயணி உறங்கலாம்.

இன்னொரு கூட்டத்தாரையும் மறந்துவிடக் கூடாது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது வீடிழந்தவர்கள் பலர், 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின்னரும் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் காத்திருந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கேட்டும் கிடைக்காத கவனம் அலையால் வீடிழந்தவர்களுக்குச் சில வாரங்களில் கிடைத்ததை அவர்கள் கண்டார்கள். இரு சாராரும் ஒரே கிராமத்தவர். சில வேளைகளில் ஒரே குடும்பத்தவர்.

அரசியலும் தன் பங்கைச் செய்தது. அரசும் விடுதலைப் புலிகளும் 2005 யூன் 24 அன்று கைச்சாத்திட்ட பொதுக் கட்டமைப்பு, கரையிலிருந்து 2 கிலோமீற்றர் வரையான பகுதியில் நிவாரணப் பணிகளைக் கூட்டாகச் செய்ய வழி வகுத்தது. யூலை 15 அன்று உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கட்டமைப்பு இயங்கத் தொடங்கவே இல்லை. அவ்வாண்டின் இறுதியில் ஆட்சி மாறிய பின், இருநூறு மீற்றர் விதி கைவிடப்பட்டு 1997 ஆம் ஆண்டுத் திட்டத்தின் தூரங்கள் மீண்டும் ஏற்கப்பட்டன. முதல் நாளே எடுத்திருக்கக்கூடிய முடிவுக்கு ஓராண்டு சென்றது. அந்த ஓராண்டில் விதியை நம்பி உள்ளே போனவர்களும் இருந்தார்கள், நம்பாமல் கரையிலேயே கம்பு நட்டுக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். சட்டத்தை மதித்தவர்களே இழந்தார்கள் என்பதுதான் இதில் மிகக் கசப்பான பகுதி.

விதி தளர்ந்தும் மூதூர் கிழக்கு மக்களுக்கு விடிவு வரவில்லை. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியில் விமானக் குண்டுகள் விழுந்தன. செப்டெம்பரில் சம்பூர் படையினர் வசமாயிற்று. 2007 மே 30 அன்று வெளியான வர்த்தமானி ஏறத்தாழ 90 சதுர கிலோமீற்றர் நிலப்பரப்பை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. பின்னர் அதே நிலத்தின் ஒரு பகுதி நிலக்கரி அனல் மின்நிலையத்துக்கென்றும், 2012 இல் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென்றும் குறிக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணல்சேனை முகாம்களில் தகரத்தின் கீழ் இருந்தார்கள். அந்த 818 ஏக்கர் 2015 இலும், கடற்படை வசமிருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சிலும் திரும்பின. அனல் மின்நிலையத் திட்டமும் 2016 இல் கைவிடப்பட்டது. ஒன்பது, பத்து ஆண்டுகள் ஒரு தலைமுறையின் பள்ளிக்காலம் முழுவதுக்கும் சமம்.

இந்தத் துறைமுகத்தின் நெடிய வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. 1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639 இலும் ஆங்கிலேயர் 1795 இலும் அதனைக் கைப்பற்றினர். பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளம் வைத்திருந்தது. துறைமுகத்தைச் சுற்றிய நிலம் இன்னொருவரின் தேவைக்காகவே அளக்கப்பட்டு வந்திருக்கிறது.

தமிழ்நாடு இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 2005 மார்ச் 30 அன்று வெளியான அரசாணை, 200 மீற்றருக்குள் இருந்தவர்கள் விரும்பினால் வெளியே புதிய வீடு பெறலாம், விரும்பாவிட்டால் உதவியின்றி இருந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளலாம் என்றது. நாகபட்டினத்தின் தார்த்தாள் கொட்டகைகளைப் பற்றியும் முறைப்பாடுகள் குறைவில்லை. அந்த ஆணையையும் முழு நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ‘விரும்பினால்’ என்ற ஒரு சொல் அதில் இருந்தது. நம் கரையில் அது இருக்கவில்லை.

கடல் மறுபடியும் வரும். அலையாகவோ புயலாகவோ வரும். அப்போது புதிய கோடு ஒன்றும் வரும். ஆகவே கரையோர ஊர்களின் மீனவர் சங்கங்களுக்கும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிருவாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த வளவு யாருடையது, எந்த வாடி எங்கே இருந்தது, 2004 இல் நீர் எந்த மரம் வரை வந்தது என்பதை முதியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். உறுதிகளின் பிரதிகளைக் கரையிலிருந்து தள்ளி ஓரிடத்தில் வையுங்கள். அளவுநாடாவோடு வரும் அதிகாரியின் முன்னால் நம் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.