மெல்லிய சாய்வெழுத்தின் வரலாறு



நூலைப் படிக்குங்கால் பொருளையே காண்கின்றோம். அதனைச் சுமந்துவரும் எழுத்தின் வடிவை நோக்குவதில்லை. ஆயினும் அவ்வடிவுக்கும் வரலாறு உண்டு. ஆங்கில அச்சில் வழங்கும் 'கில் சான்ஸ்' எழுத்தின் மெல்லிய சாய்வு வகையைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன்.

ரோமானிய எழுத்துக்களின் முனைகளில் சிறு குறுக்குக் கோடுகளைக் காணலாம். பண்டை ரோமர் கல்லில் பொறித்த எழுத்துக்களிலேயே அவ்வணி உண்டு. அதனை நீக்கிய எழுத்தே 'சான்ஸ் செரிப்'. லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லான் என்பவர் 1816-ஆம் ஆண்டளவில் அத்தகைய அச்செழுத்தை முதன்முதல் வெளியிட்டார். அதில் பெரிய எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. பின்வந்தவற்றுள் பல, தடித்த உருவத்துடன் விளம்பரங்களில் உரக்கக் கூவுதற்கே பயன்பட்டன.

சாய்வெழுத்தின் பிறப்போ வேறு. வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் 1501-இல் விர்ஜிலின் கவிதைகளைக் கைக்கடக்கமான நூலாகச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அவ்வெழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிப்போ. கற்றோர் விரைந்தெழுதிய கையெழுத்தே அதற்கு மாதிரி.

ஆகவே, அணி களைந்த எழுத்தையும் பேனா வழிவந்த சாய்வையும் இணைப்பது எளிதன்று. பலர் நேரெழுத்தை அப்படியே சாய்த்துவிட்டு அமைந்தனர். நிற்பவனைத் தள்ளிச் சாய்த்தது போன்றது அது. நடப்பவனிடம் இயல்பாக அமையும் சாய்வு அன்று.

எட்வர்டு ஜான்ஸ்டன் என்னும் எழுத்துக்கலை ஆசிரியர், பிராங்க் பிக்கின் வேண்டுகோளின்படி, லண்டன் சுரங்க இரயில்வேக்குத் தெளிவான எழுத்தொன்றை 1916-இல் வகுத்தளித்தார். அவர்தம் மாணாக்கர் எரிக் கில், கல்லில் எழுத்துப் பொறிப்பவர். 1926-இல் பிரிஸ்டல் நகரப் புத்தகக் கடையொன்றின் முகப்பில் கில் தீட்டிய எழுத்துக்களைக் கண்ட ஸ்டான்லி மாரிசன், மோனோடைப் நிறுவனத்துக்காக ஓர் அச்செழுத்தை அமைக்குமாறு அவரைத் தூண்டினார். 1928-இல் கில் சான்ஸ் வெளிவந்தது. மெல்லிய வகையும் அதன் சாய்வும் பின்னர்ச் சேர்ந்தன.

அச்சாய்வைக் கூர்ந்து நோக்குங்கள். நேரெழுத்தில் இரண்டு அடுக்காய் நிற்கும் சிறிய 'ஏ', இங்கே கையால் எழுதுவதுபோல் ஒற்றை வளைவாகிறது. சிறிய 'பி'யின் இடப்புறத்தில் பேனா இழுத்த சிறு வால் எஞ்சியிருக்கிறது. அணிகலன் இல்லை, ஆயினும் மனிதக் கையின் சுவடு இருக்கிறது. அதன் அழகு இதுவே.

படவிளக்கம், அழைப்பிதழ், நூற்பெயர், அயற்சொல் ஆகியவற்றுக்கு இவ்வெழுத்து ஏற்றது. நீண்ட பத்திகளுக்கு ஏலாது, கண் சோரும். முரட்டுத் தாளில் சிறிய அளவில் அச்சிட்டால் மெல்லிய கோடுகள் அறுபடும். கைப்பிரதியில் அடிக்கோடிட்ட சொல்லையே அச்சுக்கோப்போர் சாய்வெழுத்தில் அமைப்பது மரபு. வரிதோறும் அடிக்கோடிடும் மாணவர் இதனை நினைத்தல் நன்று: எல்லாம் சாய்ந்தால் எதுவும் தனித்துத் தோன்றாது.

கில் சான்ஸ் குடும்பத்தை 1929-இல் லண்டன் வடகிழக்கு இரயில்வே ஏற்றது. 1935-இல் ஆறு பென்னிக்கு விற்ற பெங்குவின் நூல்களின் அட்டையிலும் அது இடம்பெற்றது. இரயிலுக்கு விரையும் பயணியும், சில காசுகளுக்கு நூல் வாங்கும் தொழிலாளியும் நல்ல எழுத்தைப் பெறத் தக்கவரே என்பதை அது மெய்ப்பித்தது. அழகு செல்வர்க்கு மட்டும் உரிய பொருளன்று. படிப்பவர்மீது கொண்ட மதிப்பே எழுத்தழகின் வேர். உங்கள் கையெழுத்துக்கும் இது பொருந்தும்.