விதையும் விளைவும்



இரணைமடுக் குளத்து நீர் பாயும் வட்டக்கச்சி வயல்களில் விதைப்புக்கு முன்னர் உழவர் ஒரு சோதனை செய்வர். விதைநெல்லை நீரிலே இடுவர். மேலே மிதப்பது பதர். கீழே அமிழ்வது மணி. பதரைக் கழித்துவிட்டு மணியைக் கொள்வர். நெல்லுக்கு இச்சோதனை போதும். ஆனால், விளையாட்டு மைதானத்திலே நிற்கும் பதினைந்து வயதுச் சிறுவனை எந்த நீரில் இட்டுப் பார்ப்பது? அவனுள் உறங்கும் ஆற்றலை எந்த அளவுகோல் காட்டும்? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

வட்டக்கச்சி என்னும் ஊரே ஒரு தேர்வின் பயனாக எழுந்தது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டப்பெற்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழியே, வன்னியின் குடியேற்றத் திட்டங்களுக்குரிய மக்களைக் காணிக் கச்சேரிகள் தெரிவு செய்தன. வந்தவர் காணியற்றவரா, குடும்பமுடையவரா, உழுதொழிலுக்கு ஏற்றவரா என்று அதிகாரிகள் ஆராய்ந்தனர். கச்சேரி மேசையில் இருந்து காணக்கூடியவை இவையே. காட்டை வெட்டி, மலேரியாக் காய்ச்சலைத் தாங்கி, யானைக்குக் காவலிருந்து, முதற் போகம் காணும் வரை நிலைத்து நின்ற நெஞ்சுரத்தை எந்த விண்ணப்பத் தாளும் காட்டியிராது. அது மண்ணிலே இறங்கிய பின்னரே வெளிப்பட்டது.

உடலாற்றலை அளந்தறியும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ஏறு தழுவிய இளைஞனையே ஆயர் மகள் விரும்பினாள் என்பதைக் கலித்தொகையின் முல்லைப் பகுதி காட்டுகின்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்றொரு உருண்டைக் கல் இருந்தது. அதைத் தோளுக்குமேல் தூக்கி எறிந்தவனே வலியன் என்று ஊர் மதித்தது. எனினும், இச்சோதனைகள் அன்றைக்கு ஒருவனிடம் இருந்த வலிமையையே அறிந்தன. நாளைக்கு அவன் எவ்வாறு வளர்வான் என்று அவை கூற முற்பட்டதில்லை.

அவ்வாறு கூற முற்பட்ட நாடு அமெரிக்கா. அங்கே உதைபந்தாட்டம் என்னும் பெயரால் வழங்குவது, முட்டை வடிவப் பந்தைக் கையிற் பற்றி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டமாகும். 1869ஆம் ஆண்டில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகள் பொருதிய ஆட்டத்தையே கல்லூரி உதைபந்தாட்டத்தின் தொடக்கமாகக் கொள்வர். வெற்றியின் சுவை கண்ட கல்லூரிகள் உயர்நிலைப் பாடசாலைகள் தோறும் ஆள் தேடலாயின. 1929இல் கார்னெகி நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை, இத்தேடலிலே பணமும் சலுகையும் புகுந்து கல்வியின் நோக்கத்தையே கெடுப்பதாகக் கண்டித்தது. ஆயினும் தேடல் ஓயவில்லை. சிறுவரின் உயரமும் எடையும் மட்டுமல்ல, கையின் நீளமும் உள்ளங்கையின் அகலமும்கூட அளக்கப்பட்டன. நாற்பது யார் தூரத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எழும்புகிறான் என்றெல்லாம் கணக்கிட்டனர்.

இத்தனை அளவைகளும் எவ்வளவு தூரம் பயன்பட்டன? 2000ஆம் ஆண்டில் தொழில்முறைக் கழகங்கள் கல்லூரி வீரரைத் தெரிவு செய்தபோது, தொம் பிரேடி என்னும் இளைஞர் அச்சோதனைகளில் மெதுவாக ஓடினார். 198 பேர் தெரிவான பின்னரே 199ஆவதாக அவர் பெயர் வந்தது. அவரோ பின்னாளில் அந்நாட்டின் தலையாய கிண்ணத்தை ஏழு முறை வென்ற அணிகளில் ஆடினார். கால்களின் வேகத்தை அளந்தவர்கள், நெருக்கடியிலும் கலங்காது களத்தைப் படிக்கும் அவருடைய அறிவை அளக்கத் தவறினர்.

சிறுவர் திறத்தில் இப்பிழை இன்னும் பெரிதாகும். ஆண்பிள்ளைகள் ஏறத்தாழப் பதினான்கு வயதிலும், பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவிலும் மிக விரைந்து உயர்கின்றனர் என்று உடலியலார் கூறுவர். ஆனால், இவ்வளர்ச்சி ஒருவனுக்கு ஈராண்டு முந்தியும் மற்றொருவனுக்கு ஈராண்டு பிந்தியும் வரக்கூடும். முந்தி வளர்ந்தவன் இல்ல மெய்வல்லுநர் போட்டியிலே எல்லாப் பரிசையும் அள்ளுகிறான். பிந்தி வளர்பவனோ பார்வையாளர் வரிசைக்குப் போய்விடுகிறான். ஒரே வயதுப் பிரிவில் தை மாதம் பிறந்தவனும் மார்கழியிற் பிறந்தவனும் ஓடும்போது, இடையே ஓராண்டு வளர்ச்சி நிற்பதை எவரும் எண்ணுவதில்லை. கனடாவின் பனிவளைகோற் பந்தாட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோரே மிகுந்திருந்தமையை 1985இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

நம்மவர் வரலாற்றையும் நோக்குவோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாய்ந்து பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றார். 1956இல் மெல்பேர்ணிலும் பங்குபற்றினார். 1958இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலே 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தை ஈட்டினார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் அவர் பயின்றார். பிறவியில் வாய்த்த உடலுக்குப் பாடசாலை மைதானம் முதற் படியாகவும், பல்கலைக்கழகப் பயிற்சி அடுத்த படியாகவும் அமைந்தன.

ஈவினையில் தோன்றிய தர்ஜினி சிவலிங்கமோ இரண்டு மீற்றரையும் விஞ்சிய உயரமுடையவர். அவருடைய உயரத்தை எவரும் காணத் தவறியிருக்க முடியாது. ஆனால், வலையிலே பந்தைத் தவறாது இடும் கைத்திட்பம் உயரத்தோடு தானே வருவதா? இடையறாப் பயிற்சியினால் வந்தது. 2009இலும் 2018இலும் இலங்கை வலைப்பந்தாட்டத்தில் ஆசியக் கிண்ணத்தை வென்றதில் அவர் பங்கு பெரிது.

இனி வட்டக்கச்சிக்கு மீள்வோம். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போர் இவ்வூர் மக்களையும் இடம்பெயர்த்தது. அவர்கள் மீண்டும் வந்து குடியேறியபோது தோளிலே சுமந்து வந்த குழந்தைகள் பின்னர் பாடசாலை மைதானங்களில் ஓடலாயினர். இளமையிலே போதிய உணவு வாய்க்காத பிள்ளையின் வளர்ச்சி பின்தங்கும், பருவம் பிந்தும். அத்தகைய பிள்ளையை நகரத்துப் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்தி, நாடாவால் ஒருமுறை அளந்து, "இவன் ஆகான்" என்று எழுதிவிடுதல் அறமாகுமா? அவ்வளவு அப்பிள்ளையின் நேற்றைய பசியையே காட்டும். நாளைய ஆற்றலைக் காட்டாது.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முதுமொழி. அதில் உண்மையுண்டு. ஆயினும், நீர் காணாத முளையைப் பார்த்து விளைவைத் தீர்மானிக்கும் உழவன் வன்னியில் இல்லை. வாய்க்காலில் நீர் வரும்வரை பொறுத்திருந்து, பின்னரே பயிரைப் பற்றிப் பேசுவான். விளையாட்டு ஆசிரியர்களும் தெரிவாளர்களும் அவ்வாறே செய்வார்களாக. ஆண்டுதோறும் அளவு எடுங்கள். ஒரே ஆண்டின் அளவைத் தீர்ப்பாக்காதீர்கள். பின்தங்கிய பிள்ளைக்கு நல்லுணவும் பயிற்சியும் இன்னும் ஈராண்டு அவகாசமும் கொடுங்கள். தேர்ந்தெடுப்பவரின் கடமை தேர்வோடு முடிவதன்று. நீர் பாய்ச்சுவதும் அவர் கடமையே.