சான்யா இவெகோவிச்: அழிக்கப்பட்ட பெயர்களைத் திரும்ப எழுதிய குரோசியக் கலைஞர்

பளபளப்பான சஞ்சிகை விளம்பரம் ஒன்றில் அழகிய மொடல் ஒருத்தி. வழக்கமாக வாசனைத் திரவியத்தின் பெயர் இருக்கும் இடத்தில் வேறொரு பெண்ணின் பெயர், அவள் மீது சுமத்தப்பட்ட குற்றம், கொல்லப்பட்ட விபரம், வயது. சான்யா இவெகோவிச்சின் 'ஜென் எக்ஸ்எக்ஸ்' என்ற இந்தப் படைப்பைப் பார்த்த பிறகுதான் அவரைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

1949 இல் சாக்ரெப் நகரில் பிறந்த இவர், அங்குள்ள நுண்கலைக் கழகத்தில் பயின்றார். அன்றைய யூகோஸ்லாவியாவில் பெண்ணியத்தை வெளிப்படையாகப் பேசிய முதற் கலைஞர்களில் ஒருவர். 1975-76 இல் செய்த 'இரட்டை வாழ்வு' தொகுப்பில் தன் குடும்ப அல்பப் படங்களைச் சஞ்சிகை விளம்பரங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

1979 மே 10. ஜனாதிபதி டிட்டோவின் வாகனத் தொடர் சாக்ரெப் வீதியால் போகிறது. இவெகோவிச் தன் வீட்டுப் பல்கனியில் புத்தகமும் விஸ்கியுமாக அமர்ந்து, பாலியல் இன்பம் காண்பதுபோலப் பாவனை செய்தார். வீதியிலிருந்து அது தெரியாது. எதிர்க் கட்டடக் கூரையில் நின்ற காவலருக்கே தெரியும். 18 நிமிடங்களில் பொலிஸ் அதிகாரி கதவு மணியை அடித்து, பல்கனியிலிருந்து ஆட்களையும் பொருட்களையும் அகற்றும்படி கட்டளையிட்டார். கண்காணிப்பு எவ்வளவு நெருக்கமானது என்பதை அந்த மணி காட்டிக்கொடுத்தது. 'முக்கோணம்' என்ற அந்த நிகழ்வு இன்று கலை வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது.

1990களில் யூகோஸ்லாவியா போரில் சிதறியது. தனிநாடான குரோசியாவில் பாசிச எதிர்ப்புப் போராளிகளின் நினைவுச்சின்னங்கள் பல உடைக்கப்பட்டன, வீதிப் பெயர்கள் மாற்றப்பட்டன. புதிய தலைமுறைக்கு அந்தப் பெண்களைத் தெரியாமல் போனது. அதற்கான பதிலே 1997 இல் தொடங்கிய 'ஜென் எக்ஸ்எக்ஸ்'. 1942 இல் கொல்லப்பட்ட நாடா டிமிச் போன்றோருடன் தன் தாய் நேரா சஃபாரிச்சின் பெயரையும் இவெகோவிச் சேர்த்தார். தாய் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர்தப்பியவர்.

1998 இல் 'பெண்கள் இல்லம்' தொடங்கியது. வன்முறையிலிருந்து தப்பிப் புகலிடங்களில் தங்கியிருந்த பெண்களின் முகங்களைச் சாந்தில் வார்த்து, அவர்களின் கதைகளோடு காட்சிக்கு வைத்தார். 2001 இல் லக்சம்பேர்க் நகரின் போர் நினைவுத்தூணைப் போலவே இன்னொன்றை அதன் அருகில் நிறுத்தினார். உச்சியிலிருந்த பெண் கர்ப்பிணியாக இருந்தாள். பீடத்தில் பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் பொறிக்கப்பட்டிருந்தன. நாடே கொதித்தது. ஆண்களின் தியாகத்துக்குப் பெண்ணுருவத்தைச் சின்னமாக்கும் நாம், போரில் பெண்கள் பட்டதை எங்கே எழுதினோம் என்பதே அதில் நான் கண்ட கேள்வி. பத்து ஆண்டுகளின் பின் அதே சிலை நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உயர்ந்து நின்றது.

நினைவுத்தூண் ஒரே இரவில் இல்லாமற்போவது என்னவென்று அறிந்தவர்களுக்கு இவெகோவிச்சின் வேலையை விளக்கத் தேவையில்லை. கல்லை உடைக்கலாம். பெயரையும் வயதையும் யாரோ ஒருவர் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்வரை, உடைத்தவர்களின் வேலை முடிவதில்லை.